கொடுக்காப்புளி விதையை முழுங்கினவளுக்குச் சொன்ன கதை

ஒரு ஊர்ல ஒரு கொடுக்காப்புளி மரம் இருந்துச்சாம்.

என்ன, மரம்னு சொன்னதும் எந்திரிச்சு உக்காந்துட்ட? படு சுடரு. இது உன் மரம் இல்ல, வேற மரம். வயித்துல இருந்து கையை எடு. அமுக்கி அமுக்கிப் பாத்தா மட்டும் தெரிஞ்சிருமா? சாயங்காலத்துல இருந்து அதையேதான் பண்ணிக்கிட்டு இருக்க. சோறு வச்சா வேண்டாங்குற, தண்ணி குடுத்தா வாயைப் பொத்திக்கிற. தண்ணி குடிச்சா விதை முளைச்சு, காது வழியா கிளை வரும்னு யாரு சொன்னது? பக்கத்து வீட்டு ஜெசிந்தாவா? அவ ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா, அதுக்குள்ள டாக்டர் ஆயிட்டாளாக்கும்.

என்ன நடந்துச்சுன்னு அத்தை சொல்லுறேன், சரியான்னு பாரு. கொடுக்காப்புளி தின்னோம். விதையோட கருப்புத் தோலை மட்டும் உரிக்கணும், உள்ள இருக்கிற பழுப்புத் தோலு கிழியக் கூடாது, வெள்ளை தெரியக் கூடாது, அப்படி உரிச்சு வாசல் நிலை மேல வச்சா வீட்டுக்கு ஆளு வரும்னு நம்ம ஊருப் பிள்ளைக எல்லாம் சொல்லுறதுதான். நானும் உங்கப்பாவும் வச்சிருக்கோம். பாதி நாள் பால்காரருதான் வருவாரு. நீ என்ன பண்ணுன? ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா பாப்பாவைத் தூக்கிக்கிட்டு சீக்கிரம் வரணும்னு ஒண்ணை எடுத்த. நகம் பத்தலேன்னு பல்லுல வச்ச. அது வழுக்கி, களுக்குனு உள்ள போயிருச்சு. அவ்வளவுதானே?

அம்மா வயித்துல பாப்பா வளருதுல்ல, அதே மாதிரி உன் வயித்துல மரம் வளரும்னு நீயா கணக்குப் போட்டுக்கிட்ட. அது வேற ரூம்பு தாயி. சோறு போற வழில பாப்பா போகாது. அதை உங்கம்மா வந்து விளக்கமா சொல்லுவா, எனக்கு வேணாம்.

போனை எதுக்குத் தலைமாட்டுல வச்சிருக்கேன்னா கேக்குற? சும்மா, மணி பாக்கத்தான். நீ கதையைக் கேளு. நான் நிறுத்துற இடத்துல எல்லாம் "ம்" போடணும். போடலேன்னா தூங்கிட்டன்னு நெனச்சு லைட்டை அணைச்சிருவேன்.

"ம்."

ஆங், அப்படி. அந்த மரம் ஊருக்கு வெளிய ரோட்டோரத்துல ஒத்தையா நின்னுச்சாம். அக்கம்பக்கம்னு பாத்தா ஒரு எருக்கஞ்செடி, ஒரு கொத்து பட்டாசுக்காய்ச் செடி, ஒரு நாயுருவி, அம்புட்டுதான். மரத்துக்கு உடம்பெல்லாம் முள்ளு. அதனால அதுக்கு முள்ளுக்காரின்னு பேரு. முள்ளுக்காரிக்குப் பிள்ளைக ஏராளம். வளையல் மாதிரி சுருண்டு சுருண்டு தொங்குமே காயி, அதுக்குள்ள வரிசையா உக்காந்திருக்குங்க. ஒவ்வொண்ணும் கருகருன்னு வழவழன்னு இருக்கும். மேல வெள்ளையும் ரோஸுமா மெத்துன்னு சதை. நீ சாயங்காலம் தின்னியே, அதேதான்.

முள்ளுக்காரி பாசக்காரி. அதைவிட பெரிய பயந்தாங்கொள்ளி. மைனா வந்து காய்ப்பக்கம் மூக்கை நீட்டுனா, கிளையை ஒரு ஆட்டு ஆட்டி நறுக்குனு ஒரு குத்து. கிளி வந்தா நறுக். அணில் வந்தா நறுக். யாரும் என் பிள்ளைகளைத் தொடப்படாது, என் பிள்ளைக என் காலடியிலயே இருக்கட்டும்னு சொல்லிரும். அப்போ காய் பழுத்து வெடிச்சதும் பிள்ளைக எங்க விழும்? டொக், டொக், டொக்குனு அம்மா காலடியிலயே விழும். மழை பேஞ்சதும் முளைச்சு ரெண்டு இலை விடும். அப்புறம் என்னாகும் சொல்லு?

"ம்."

"ம்" இல்லடி, என்னாகும்னு கேக்குறேன். தெரியாதா. வாடிப்போகும். ஏன்னா மேல அம்மா குடை மாதிரி நிக்கிறா, வெயிலே இறங்காது. கீழ அம்மாவோட வேரு, இருக்கிற கொஞ்சத் தண்ணியையும் உறிஞ்சிரும். வேணும்னேவா பண்ணுது? அதுக்கும் தாகம்தானே. ஆனா முள்ளுக்காரிக்கு அது புரியல. மண்ணு சரியில்ல, மழை சரியில்லன்னு ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் குத்தம் சொல்லும். வருஷா வருஷம் முளைக்கும், வருஷா வருஷம் வாடும்.

அந்த மரத்தடிக்குப் பேச்சியக்கான்னு ஒருத்தி ஆடு பத்திக்கிட்டு வருவா. மத்தியானம் ஆனா அங்கதான் தூக்குவாளியைத் திறந்து கஞ்சி குடிப்பா, முந்தானையை விரிச்சுக் கொஞ்ச நேரம் கண்ணு அசருவா. அந்தப் பொட்டல்ல வேற நிழல் ஏது? மரம் பேசுனா பேச்சியக்காவுக்குக் கேக்காது. பேச்சியக்கா பேசுனா மரத்துக்குக் கேக்கும். அதனால மரத்துக்கு ஊர் நியாயம் எல்லாம் அத்துப்படி.

அப்புறம் ஒருநாள், காய் எல்லாம் செவந்து வர்ற நேரம், ரோட்டு வேலைக்காரங்க வந்தாங்க. டேப்பை இழுத்து அளந்தாங்க. ஒருத்தர் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, மரத்து வயித்துல சரக் சரக்குனு செவப்பா ஒரு பெருக்கல் குறி போட்டாரு. என்னய்யா இதுன்னு பேச்சியக்கா கேட்டா. ரோட்டை அகலப்படுத்துறோம், ஆடி பொறந்ததும் மரத்தை வெட்டிருவோம், நீ ஆட்டை வேற பக்கம் பத்திக்கன்னு சொல்லிட்டு வண்டியேறிப் போயிட்டாங்க. பேச்சியக்கா மரத்தைத் தடவிக்கிட்டே வெகுநேரம் உக்காந்திருந்தா. அன்னைக்குக் கஞ்சி அப்படியே இருந்துச்சு.

மரத்துக்கு எப்படி இருக்கும்? தன்னை வெட்டப் போறாங்கங்கறது கூட அதுக்குப் பெருசா படல. குனிஞ்சு காலடியைப் பாத்துச்சு. இத்தனை வருஷத்துல பெத்த பிள்ளைகள்ல ஒண்ணு கூட அங்க நிக்கல. இப்ப காய்ல இருக்கிற பிள்ளைகளும் காலடியில விழுந்தா, ரோட்டுக்கு அடியில தாருக்குள்ள போயிரும். அதுக்கப்புறம் அந்த ஊர்ல கொடுக்காப்புளின்னு ஒண்ணு இருந்ததுக்கே அடையாளம் இருக்காது. எப்படியாவது பிள்ளைகளை வெளியூர் அனுப்பணும். ஆனா மரத்துக்குக் காலு இல்லயே. விதைக்கும் காலு இல்ல.

"ம்."

அப்போ மரம் வெக்கத்தை விட்டு எருக்கஞ்செடிகிட்ட கேட்டுச்சு. உன் பிள்ளைக எல்லாம் எப்படிப் போகுதுன்னு கேட்டுச்சு. எருக்கு சொல்லுச்சு, என் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பட்டுக் குஞ்சம் கட்டி விட்டிருக்கேன், காத்து வந்தா போயிரும்னு. சொல்லி முடிக்கல, உஸ்ஸ்ஸுனு ஒரு காத்து. எருக்கங்காய் வெடிச்சுது. வெள்ளை வெள்ளையா ஒரு கூட்டமே கிளம்பி, ரோட்டைத் தாண்டி, கண்மாயைத் தாண்டிப் போயே போச்சு. தாத்தா பூச்சின்னு நீங்க ஊதி விடுவீங்கள்ல, அது பூச்சி இல்ல, எருக்கு பெத்த பிள்ளை.

முள்ளுக்காரியும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, காத்து வந்த நேரம் பாத்து ஒரு பிள்ளையை விட்டுச்சு. போ கண்ணு, பறந்து போன்னுச்சு. அது எப்படிப் போச்சு?

டொக்.

நேரா காலடியில. குஞ்சம் இல்ல, றெக்கை இல்ல, கல்லு மாதிரி கனம். அது எங்க பறக்க?

அப்புறம் பட்டாசுக்காய்ச் செடிகிட்ட கேட்டுச்சு. அந்தக் காயை நீ எச்சில்ல நனைச்சு என் கழுத்துக்குள்ள போட்டியே போன மாசம், பட்டுனு வெடிச்சு நான் சட்டியைக் கீழ போட்டேனே, அதேதான். அது சொல்லுச்சு, எனக்குக் காத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம், காய்ஞ்ச காய் மேல ஒரு சொட்டு தண்ணி பட்டாப் போதும், நானே எறிஞ்சிருவேன்னு. அந்நேரம் பாத்து கோடைமழை ஒரு தூத்தல் போட்டுச்சு. பட்! பட்! படபட பட்! விதையெல்லாம் சிதறி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தெறிச்சுப் போச்சு.

முள்ளுக்காரியும் காயை மழைக்குக் காட்டுச்சு. பல்லைக் கடிச்சு முக்குச்சு. காய் வெடிக்கும்தான், ஆனா அது சோம்பேறி வெடிப்பு. கொட்டாவி விடுற மாதிரி மெதுவா வாயைத் திறந்துச்சு. உள்ள இருந்த பிள்ளை எட்டிப் பாத்துச்சு, அப்புறம்?

"டொக்."

நீயே சொல்லிட்ட! டொக்குதான். காலடியில.

மூணாவதா நாயுருவிகிட்ட போச்சு. போச்சுன்னா, நின்ன இடத்துல இருந்தே கேட்டுச்சு. நாயுருவி ஒல்லியா ஒரு குச்சி மாதிரி நிக்கும், பாத்தா ஒண்ணுமே இல்ல. ஆனா வாய் ஜாஸ்தி. எனக்கு ஊரே வாகனம், ஆடு போனா ஆட்டு முடியில தொத்திக்குவேன், ஆளு போனா சேலைக் கரையில ஒட்டிக்குவேன், அவங்களே வீடு வரைக்கும் கொண்டு போயி உக்காந்து பிடுங்கிப் போடுவாங்க, எனக்கு நடக்குற செலவே இல்லன்னு பீத்திக்கிச்சு. நாம குலசாமி கோயிலுக்குப் போயிட்டு வந்து உன் பாவாடையில இருந்து ஒவ்வொண்ணா பிடுங்குனோமே, ஞாபகம் இருக்கா? நாம அதுக்கு வேலை பாத்திருக்கோம், சம்பளம் இல்லாம.

அப்போ முள்ளுக்காரி, பேச்சியக்கா எந்திரிச்சுப் போற நேரமா பாத்து, ஒரு பிள்ளையை அவ முந்தானை மேல போட்டுச்சு. பிள்ளை ஒட்டிக்கப் பாத்துச்சு. அதுக்குக் கொக்கி இல்ல, முள்ளு இல்ல, எல்லாம் வழவழ. பேச்சியக்கா சேலையை ஒரு உதறு உதறுனா.

டொக்.

தென்னையா? தென்னைகிட்ட ஏன் கேக்கலன்னா? நல்லா கேட்ட. தேங்காயைச் சுத்தி நாரு இருக்குல்ல, அது தண்ணில மொதக்குறதுக்கு. கடலோரத்து மரத்துல இருந்து விழுந்தா மொதந்துக்கிட்டே போயி, எந்தக் கரையில ஒதுங்குதோ அங்க முளைச்சிரும். ஆனா முள்ளுக்காரி ஊர்ல குடத்துக்குத் தண்ணி பிடிக்கவே சண்டை. மொதக்குறதுக்கு எங்க போக? அதனால தென்னைகிட்ட கேக்கல. படு. கேள்வியெல்லாம் படுத்துக்கிட்டே கேக்கலாம்.

"ம்."

மரம் சோந்து போச்சு. இலையெல்லாம் தொங்கிப் போச்சு. ஆடி வேற கிட்டக்க வந்துக்கிட்டு இருக்கு. அப்போ ஒரு கெழட்டு மைனா தூரத்துல கரண்டு கம்பியில உக்காந்து இதையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. எத்தனையோ தடவ நறுக்குனு குத்து வாங்குன மைனா. அதனால கிட்ட வரல. அங்க இருந்தே கேட்டுச்சு.

"தாயி, உன் பிள்ளை மேல இந்த வெள்ளைச் சதையை எதுக்கு வச்சிருக்க?"

மரம் யோசிச்சுச்சு. அதுக்கே தெரியல. பிள்ளைகளுக்குக் குளிராம இருக்கட்டும்னு போத்தி விட்டிருக்கேன்னு சொல்லுச்சு.

மைனா சிரிச்சுச்சு. "அது போர்வை இல்ல, டிக்கெட்டு. காத்துக்கு டிக்கெட்டு வேணாம், எனக்கு வேணும். நீ பிள்ளைக கையில டிக்கெட்டையும் குடுத்துட்டு, பஸ்ஸு வந்தா முள்ளால குத்தி விரட்டுற."

அத்தை அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைக்குத் தினமும் பஸ்ல போறேன்ல, எனக்கு அது சொன்னதும் பளிச்சுனு புரிஞ்சிருக்கும். மரத்துக்கு அப்படிப் புரியல. நீ முழுங்கிட்டா என் பிள்ளை செத்துப்போயிருமேன்னு கேட்டுச்சு.

அப்போ மைனா வாயை ஆன்னு திறந்து காட்டுச்சு. "நல்லா பாரு தாயி. எனக்குப் பல்லு இருக்கா? முழுங்கத்தான் தெரியும், மெல்லத் தெரியாது."

மரம் பாத்துச்சு. பல்லே இல்ல. எட்டி எட்டிப் பாத்துச்சு, ஒண்ணு கூட இல்ல. மைனா மேல சொல்லுச்சு, சதை எனக்கு, பிள்ளை உனக்கு, பிள்ளைக்கு நீயே கெட்டியா ஒரு கருப்புக் கோட்டு போட்டு விட்டிருக்க, என் வயித்தால அதை ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம், எனக்கு வேப்பம்பழம் இருக்குன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிச்சு. கோவக்கார மைனா. குத்து வாங்குனது மறக்குமா?

மரம் அன்னைக்குப் பூரா யோசிச்சுச்சு. பிள்ளையைப் பெத்தவளுக்கு அது லேசுல வருமா சொல்லு. வயித்துக்குள்ள அனுப்புறது. திரும்பி வருமா, எங்க இறங்கும், யாரு பாத்துக்குவாங்க, ஒண்ணும் தெரியாது. கூடப் போகவும் முடியாது. வெளிய நிக்கிறவங்க பாடு அப்படித்தான். உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம வெளிய நிக்கிறது இருக்கே, அதைவிட கஷ்டம் எதுவும் இல்ல. எனக்கும் இன்னைக்கு... ஒண்ணுமில்ல. மணி பாத்தேன். மணி ஒண்ணும் ஆகல, நீ கேளு.

அப்புறம் மரம் கிளையை அசையாம நிறுத்துச்சு. முள்ளையெல்லாம் ஒதுக்கி, ஒரு பழத்தை விரிச்சு நீட்டுச்சு. அதுல ஓரத்துல இருந்தது கடைக்குட்டி. அது அம்மாவைப் பிடிச்சுக்கிட்டு விடல.

"அம்மா, உள்ள இருட்டா இருக்குமா?"

"இருக்கும்டா. கொஞ்ச நேரம்தான்."

மைனா வந்துச்சு. லபக். மரம் கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு.

"ம்..."

தூக்கம் வருது பாரு. இப்பதான் முக்கியமான இடம், முழிச்சுக்கோ. கடைக்குட்டி மைனா வயித்துக்குள்ள போச்சு. குடுகுடு, கொளகொள, கடமுட கடமுடன்னு ஒரே சத்தம். இருட்டு. வெக்கை. அங்க ஒரு வேப்பங்கொட்டை ஏற்கனவே உக்காந்திருந்துச்சு, ரொம்ப நாளா போய் வந்து பழகுன மாதிரி தோரணையா. கடைக்குட்டி அழுதுச்சு. நான் இங்கேயே முளைச்சிருவேனோன்னு பயமா இருக்குன்னுச்சு.

என்ன, கேக்குதா? நீ பயந்தியே, அதே பயம்தான் அதுக்கும்.

அப்போ வேப்பங்கொட்டை சொல்லுச்சு, அட கிறுக்கே, இங்க மண்ணு இருக்கா வேரு விட? வெயில் இருக்கா இலை விட? ஒரு இடத்துல நின்னு மூச்சு விட முடியுதா? எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு. இது பஸ்ஸு. பஸ்ல யாராச்சும் வீடு கட்டுவாங்களா? ஸ்டாப்பு வந்தா கண்டக்டரே இறக்கி விட்டுருவாரு, பேசாம உக்காருன்னுச்சு. மைனா வயிறும் தன்னால ஆனதைப் பண்ணிப் பாத்துச்சு. புளிப்புத் தண்ணியை ஊத்தி ஊத்திக் கரைச்சுப் பாத்துச்சு. சதை கரைஞ்சுது. கருப்புக் கோட்டு கரையவே இல்ல. சரி போன்னு விட்டுருச்சு.

மைனா பறந்துச்சு, பறந்துச்சு, கண்மாயைத் தாண்டி ஒரு வேலி மேல போயி உக்காந்துச்சு. வாலைத் தூக்குச்சு.

சொத்!

சிரி சிரி. நல்லா சிரி. சாயங்காலத்துல இருந்து இப்பத்தான் உன் பல்லைப் பாக்குறேன். ஆமா, அது வழியாத்தான். வேற வழி ஏது? கடைக்குட்டி வெளிய விழுந்துச்சு. வெளிச்சம். காத்து. கீழ மண்ணு. சுத்தியும் அது கூடவே வந்த எரு வேற. புது ஊருக்குப் போறவங்க கையில கட்டுச்சோறு குடுத்து விடுற மாதிரி.

மைனா திரும்பி வந்து மரத்துகிட்ட சொல்லுச்சு, இறங்கிருச்சு தாயி, பத்திரமா இறங்கிருச்சுன்னு. அப்போ முள்ளுக்காரி ஒரு மூச்சு விட்டுச்சு பாரு. அந்த மூச்சுல இலையெல்லாம் சலசலசலன்னு ஆடுச்சாம். அதுக்கப்புறம் யாரையும் குத்தல. வாங்க வாங்கன்னு கூப்பிட்டுச்சு. கிளி வந்துச்சு, காக்கா வந்துச்சு. அணில் ஒண்ணைத் தூக்கிட்டுப் போயி, பாதி வழில மறந்து போட்டுட்டு வந்துச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வந்து தின்னுட்டு, த்தூ த்தூன்னு போற வழியெல்லாம் துப்பிக்கிட்டே போச்சுங்க. ஆடி பொறக்கும்போது மரத்துல ஒரு பிள்ளை இல்ல. காஞ்ச சுருள் மட்டும் காத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் வெட்டுனாங்களான்னா கேக்குற? வெட்டுனாங்க. பொய் சொல்ல மாட்டேன். ணங், ணங்குனு கோடாலி விழுந்துச்சு. பேச்சியக்கா பாக்க மாட்டேன்னு ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டா. மரத்துக்கு வலிச்சுச்சான்னு எனக்குத் தெரியாது தாயி. ஆனா பயம் இல்ல. அது மட்டும் தெரியும். பிள்ளைக ஊர் போய்ச் சேந்துட்டாங்கன்னு தெரிஞ்ச அம்மாவுக்குப் பாதி பாரம் இறங்கிரும்.

"ம்."

ரோடு அகலமாச்சு. பேச்சியக்காவுக்கு நிழல் போச்சு. மத்தியானம் ஆனா தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வெயில்ல உக்காந்திருப்பா, சும்மாவே யார்கூடயாவது சண்டை பிடிப்பா. அப்போ ஐப்பசி வந்துச்சு. மழைன்னா மழை, சோன்னு கொட்டுச்சு. கார்த்திகை வரைக்கும் பேஞ்சு, மழை நின்ன காலையில, ஆட்டுக்கொட்டாய் வேலி ஓரமா கூட்டிக்கிட்டு இருந்தா. புறங்கால்ல ஏதோ சுருக்குனு குத்துச்சு. ஸ்ஸ்ஸ்ஸுனு குனிஞ்சு பாத்தா. சின்னதா ஒரு முள்ளுச் செடி. வேலியில எத்தனையோ முள்ளு முளைக்கும், எரிச்சல்ல பிடுங்கி எறியக் கையை வச்சா. வச்ச கை நின்னு போச்சு. ரெண்டு ரெண்டா பிரிஞ்ச அந்த இலையை அவளுக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் அதுக்கு அடியில படுத்துக் கண்ணைத் திறந்திருக்கா.

விளக்குமாத்தைப் போட்டுட்டு அங்கேயே ஈர மண்ணுல உக்காந்துட்டா. அப்புறம் அந்தச் செடிகிட்ட சொன்னா.

"வந்துட்டியா நீ. நான்தான் எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு கெடந்தேன்."

ஆடு கடிக்காம நாலு குச்சி நட்டுக் கூண்டு கட்டுனா. அன்னைக்கு ஆடு பத்திக்கிட்டுப் போனப்ப பாத்தா, பள்ளிக்கூடத்துச் சுவரோரம் ஒண்ணு. கண்மாய்க்கரையில ஒண்ணு. சுடுகாட்டுப் பாதையில ஒண்ணு. அம்மா காலடியில ஒரு பிள்ளை கூடத் தங்கல, இப்ப ஊரைச் சுத்திப் பிள்ளைக. பேச்சியக்கா ஒவ்வொண்ணுகிட்டயும் நின்னு நின்னு பேசிட்டுப் போனா. ஆடெல்லாம் கத்துச்சுங்க, இவ நகர மாட்டேங்கிறாளேன்னு.

அப்போ உன் விதை என்னாகும்? அதுவும் பஸ்லதான் உக்காந்திருக்கு. கருப்புக் கோட்டு போட்டிருக்கு. நீ மெல்லாம முழுங்குனதும் நல்லதாப் போச்சு, அந்த மைனா மாதிரி. உன் வயித்துல அதுக்கும் மண்ணு இல்ல, வெயில் இல்ல. நீ பயந்ததைவிட அது பயந்து போயி, எப்படா ஸ்டாப்பு வரும்னு உக்காந்திருக்கும். நாளைக்கு இல்ல நாளன்னைக்குக் காலைல இறங்கிரும். தண்ணி குடிச்சா இன்னும் வெரசா இறங்கும். இந்தா, குடி. ஒரே மடக்கு வேணாம், மெதுவா. ஆங்.

கக்கூஸ்ல இறங்குனா எங்க முளைக்கும்னா கேக்குற? அடி ஆத்தி. கண்ணு சொருகுது, கேள்வியைப் பாரு. அந்த ஒண்ணைப் போனா போகுதுன்னு விட்டுரு. தட்டுல மிச்ச விதை கெடக்குதுல்ல, நாளைக்குக் காம்பவுண்டுக்கு வெளிய, காலியிடத்துல போயி ஆளுக்கு ரெண்டு எறிவோம். மைனா வேலையை நாம பாப்போம். வாலைத் தூக்க வேணாம், கையாலயே எறியலாம்.

"ம்..."

வயித்துல இருந்து கையை எடுத்துட்ட. நல்ல பிள்ளை. கையைத் தலைக்குக் கீழ வச்சுக்கோ. பேச்சியக்கா அப்புறம் என்ன பண்ணுனான்னா, கூண்டுக்குப் பக்கத்துல ஒரு கல்லைப் போட்டு, நிழல் வர்ற வரைக்கும் இங்கதான் உக்காருவேன்னு உக்காந்தா. இன்னும் முழங்கால் உசரம்தான் வந்திருக்கு. இவளும் உக்காந்தேதான் இருக்கா.

"ம்" போடு.

போடலியே. சுடரு? தூங்கிட்டியா?

ம், தூங்கட்டும்.

ஐயோ, போனு. இரு இரு, பிள்ளை முழிச்சிராம. சொல்லுண்ணே. ம். ம். மதினி எப்படி இருக்காங்க? கண்ணைத் திறந்து பேசினாங்களா? நீ பாத்தியா, உன் கண்ணால பாத்தியா? சரி. சரிண்ணே. நீ ஏண்ணே அழுகுற. நான் எங்க அழுகுறேன், எனக்கு சளி. நீ போயி முதல்ல ஒரு டீ குடி. காலைல இவளைக் கூட்டிட்டு வர்றேன். வைக்கிறேன்.

சுடரு. எந்திரிக்க வேணாம், காதுல மட்டும் சொல்லுறேன். தங்கச்சி பொறந்திருக்கா. அம்மா நல்லா இருக்கா. நீ பொறந்தப்ப உங்கம்மாவை ரொம்பப் பாடு படுத்திட்ட, ஆம்புலன்ஸ்ல வச்சு மதுரைக்கு ஓடுனோம். அதான் இன்னைக்குப் பூரா அத்தைக்கு நெஞ்சு ஒரு இடத்துல இல்ல. உன்னைத் திட்டுனதெல்லாம் அதுலதான்.

இன்னொண்ணு. நீ அழுதுக்கிட்டு மூலையில உக்காந்திருந்தப்ப, நானும் ஒரு விதையை எடுத்து உரிச்சேன். ஒரு இடத்துல கூடக் கிழியல, வெள்ளையே தெரியல. ஸ்டூலைப் போட்டு ஏறி நிலை மேல வச்சிருக்கேன். காலைல காட்டுறேன். உங்கப்பாகிட்ட சொல்லாத, சிரிப்பாரு.

கதை முடிஞ்சுது தாயி. ஒருத்தி பத்திரமா இறங்கிட்டா. இன்னொண்ணு காலைல இறங்கும். லைட்டை அணைக்கிறேன், நீ தூங்கு.